நேற்றுக் கற்றவர் இன்று சர்வர் நிர்வாகம் கற்பிக்கலாமா?

வாசகர் கேள்வி: ஜனவரி 8

எங்கள் கல்லூரியில் லினக்ஸ் சர்வர் நிர்வாகத்துக்கு, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், பலர் பயன்படுத்தும் பொதுக் கணினியைப் பராமரிப்பதற்கு, தனிப் பாடம் கிடையாது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் மாலையில் வாரம் இரண்டு மணி நேரம் கற்பிக்கிறார்கள். அவர்களே போன ஆண்டுதான் கற்றார்கள். குருடும் குருடும் சேர்ந்து குழியில் விழுந்த கதையாகத்தானே இது முடியும்? பத்தாண்டு அனுபவம் உள்ள ஒருவரிடம் பணம் கட்டிக் கற்பதுதான் சரி என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 8, இரவு 10.40

மறுக்கிறேன்.

நானும் அப்படி ஒரு வகுப்பில்தான் கற்றேன். ஆசிரியர், என்னைவிட ஓராண்டு மூத்த ஓர் அக்கா. முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி: "சி டிரைவ் எங்கே இருக்கிறது?" விண்டோஸில்தான் டிஸ்க்குகளுக்கு சி, டி என்று எழுத்து உண்டு; லினக்ஸில் கிடையாது. பாதி வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "போன ஆண்டு நான் இரண்டு நாள் அதைத்தான் தேடினேன்" என்றார். பலகையில் ஒரு சாய்கோடு போட்டார். எல்லாம் இதன் கீழேதான் தொங்கும், இன்னொரு டிஸ்க்கைச் செருகினால் அது தனி எழுத்தாக முளைக்காது, இதே மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார். வேர் மேலேயும் இலை கீழேயுமாக நிற்கும் மரம். இப்படி ஒட்டுவதற்கு மவுன்ட் என்று பெயர்; அந்தச் சொல்லை அவர் சொன்னது அடுத்த வாரம். பொருள் முதலில் வந்தது, பெயர் பிறகு வந்தது.

எனக்கு இப்போது பதினொரு ஆண்டு அனுபவம். நீங்கள் தேடும் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) ஓட்டிக் காட்டினேன். பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் எதற்கு என்று கேட்டார். "அப்படித்தான் போட வேண்டும்" என்றேன். சொன்ன வேகத்தில் வெட்கம் வந்துவிட்டது. புள்ளியும் சாய்கோடும் சேர்ந்தால் இந்த அடைவிலேயே (ஃபோல்டரிலேயே) என்று பொருள். ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், தான் இருக்கும் அடைவில் தானாகத் தேடாது, பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும்தான் தேடும். தேடினால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயரில் எவனோ ஒருவன் வைத்துவிட்டுப் போன கோப்பு நம் கையால் ஓடிவிடும். இதை அக்கா எனக்கு ஐந்து நிமிடத்தில் புரியவைத்திருந்தார். எனக்கு அது விரலுக்குப் போய்விட்டது. வாய்க்குத் திரும்பி வர நேரம் பிடித்தது.

ஜனவரி 9, காலை

இது ஏதோ வசதியில்லாத இடத்தின் ஒப்பேற்றல் என்று நினைக்க வேண்டாம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டீகேல் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மாணவர்களே பாடம் வகுத்து, மாணவர்களே நடத்துவார்கள். பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். படிப்பவருக்குப் பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாட அலகும் (கிரெடிட்) உண்டு. அதில் லினக்ஸ் சிஸ்டம் நிர்வாகமும் ஒரு பாடம். அங்கே மாணவர்களே நடத்தும் கணினிக் கூடத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள்தான் அதைக் கற்பிக்கிறார்கள். புதியவர்களுக்கு ஒரு பிரிவு, கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று. தாங்கள் பராமரிப்பதையே பாடமாக வைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

எம்ஐடியிலும் 2020 ஜனவரியில் ஆராய்ச்சி மாணவர்கள் மூவர், கணினி அறிவியல் பட்டப்படிப்பு விட்டுவிட்ட விஷயங்களை மட்டும் தொகுத்து நடத்தினார்கள்: ஷெல், எடிட்டர், கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் கிட், பிழை தேடல். எல்லோரும் "அதை நீயே கற்றுக்கொள்வாய்" என்று தள்ளிவிடும் விஷயங்கள்.

ஜனவரி 9, மாலை

காலையில் எழுதியதில் ஒரு குழப்பம். எம்ஐடி வகுப்பு சர்வர் நிர்வாகம் அல்ல, சொந்தக் கணினியில் திறமையாக வேலை செய்வது. இரண்டும் ஒன்றில்லை. சொந்தக் கணினி நின்றால் நமக்கு மட்டும் கஷ்டம். சர்வர் நின்றால் இருநூறு பேர் நம்மைத் தேடி வருவார்கள். அந்த இருநூறு பேர் இல்லாமல் நிர்வாகம் கற்க முடியாது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 12

"அனுபவமில்லாதவர் என்ன கிழித்தார்?" என்று ஒருவர். கிழித்தார்கள். லினக்ஸின் மையமான கெர்னலை 1991இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சின்கியில் மாணவர். தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதே இடத்தில் 1995இல் பிறந்தது. விஐ என்ற எடிட்டரை எழுதி, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸுக்கு 1978இல் பிஎஸ்டி என்ற முதல் மென்பொருள் தொகுப்பை அனுப்பிவைத்த பில் ஜாய் பெர்க்லியில் முதுநிலை மாணவர். இணையப் பெயர்களை எண்முகவரியாக மாற்றும் பைண்ட் மென்பொருளை 1980களின் முற்பகுதியில் எழுதியவர்கள் அங்கேயே நான்கு முதுநிலை மாணவர்கள். நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டவிடும் சூடோ 1980 வாக்கில் பஃபலோவில் ஒரு பல்கலைக்கழகக் கணினித் துறையில் எழுதப்பட்டது. நாம் காலையில் எழுந்ததும் தொடும் கருவிகளில் பாதி வகுப்பறைப் பக்கத்து அறையில் பிறந்தவை.

ஜனவரி 12, ஒரு மணி நேரம் கழித்து

திருத்தம் இரண்டு. டோர்வால்ட்ஸ் படித்தது ஹெல்சின்கி பல்கலைக்கழகம். எஸ்எஸ்எச் எழுதிய தாட்டு யுலோனன் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இரண்டும் வேறு வேறு. அந்தப் பல்கலைக்கழகப் பிணையத்தில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதால்தான் அவர் அதை எழுத உட்கார்ந்தார். அதற்கு 22ஆம் எண் கதவு (ஒவ்வொரு சேவையும் கணினிக்குள் நுழையும் போர்ட் எண்) கிடைத்ததும் அழகான கதை: கோப்பு அனுப்பும் எஃப்டிபி 21, தொலைவிலிருந்து நுழையும் பழைய டெல்நெட் 23, நடுவில் இருந்த இடம் காலியாக இருந்தது, கேட்டார், கொடுத்தார்கள்.

இரண்டாவது, சூடோவை எழுதியவர்களையும் மாணவர் கணக்கில் சேர்த்துவிட்டது போலத் தொனித்தது. துறை என்று மட்டும் படிக்கவும்.

ஜனவரி 13

கருவி எழுதுவது வேறு, கற்பிப்பது வேறு என்கிறார் கேள்வி கேட்டவர். ஒப்புக்கொள்கிறேன். விஐயை எழுதியவர் மாணவர்தான். புதியவர்கள் இன்றும் அதற்குள் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்; அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஜனவரி 14

1988ஐ ஒருவர் நினைவூட்டுகிறார். கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் நவம்பர் 2 அன்று விட்ட புழு (பிணையம் வழியே தானே பரவும் நிரல்); ஏற்கெனவே புழு புகுந்த கணினியிலும் ஏழில் ஒரு முறை விடாப்பிடியாகத் தன் பிரதியை வைக்கும்படி எழுதியிருந்தார்; அந்த விகிதம் அதிகமாகிப்போய் கணினிகள் மூச்சுத்திணறின. சரி. ஆனால் அவர் வகுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யாராவது ஒரு முதலாண்டு மாணவர் "ஏழு எதற்கு?" என்று கேட்டிருப்பார்.

பதிலுக்கு நான் 1986ஐ நினைவூட்டுகிறேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வானியலாளர் கணினி நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருந்தார். கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, பார் என்று கொடுத்தார்கள். பழையவராக இருந்தால் சில்லறைதானே என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. அந்த 75 சென்ட் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஓர் உளவாளியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. வேலைக்குப் புதியவர், கணக்கு ஏன் இடிக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 17

இப்போது உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கப் போகிறேன். ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் வகுப்புக்கு ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கற்பிப்பவர் அதைப் பார்த்துப் படியெடுத்து, கொஞ்சம் சேர்த்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். அதில் ஒரு வரி: "அனுமதிச் சிக்கல் வந்தால் சிஎச்மோட் 777." சிஎச்மோட் என்பது ஒரு கோப்பை யார் என்ன செய்யலாம் என்பதை மாற்றும் கட்டளை; 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும். நானும் அதைக் கற்றேன். அடுத்த ஆண்டு நானே ஆசிரியரானபோது அதைக் கற்பித்தேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7, உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று ஏழு என்று கணக்கெல்லாம் அழகாகப் போட்டுக் காட்டினேன். கணக்கு சரி. அறிவுரைதான் தவறு. கதவுப் பூட்டு சிக்குகிறது என்றால் கதவையே கழற்றிவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் என் மாணவர் ஒருவர் தன் வீட்டு அடைவு முழுவதற்கும், உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து, 777 போட்டுவிட்டார். மறுநாள் எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் கோப்பு) வேலை செய்யவில்லை. புதுச் சாவி உருவாக்கினோம். வேலை செய்யவில்லை. நகலெடுக்கும்போது வரி உடைந்திருக்குமோ என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். மூன்று மணி நேரம். கடைசியில் சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் பதிவைத் திறந்தால் அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது: அடைவின் உரிமையோ அனுமதியோ சரியில்லை, ஆகவே மறுக்கிறேன் என்று. மற்றவர்கள் எழுதக்கூடிய அடைவில் கிடக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. எவர் வேண்டுமானாலும் தன் சாவியை அங்கே செருகிவிடலாம் அல்லவா. காரணத்தை நம் திரையில் சொல்லாது, சர்வரின் பதிவில் மட்டும்தான் சொல்லும். உள்ளே வர முயல்பவனிடம் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்றைக்கு அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணா, இந்த 777ஐ நமக்கு யார் சொன்னது?" தெரியவில்லை. பழைய குறிப்பேடுகளைத் தேடிப் பின்னோக்கிப் போனோம். நான்கு படிகளுக்கு முந்தைய ஏட்டில், கண்காட்சிக்கு முந்திய இரவு அவசரமாக ஒரு பொது அடைவைத் திறந்துவிட்ட குறிப்பு இருந்தது: "தற்காலிகமாக 777. நாளை மாற்ற வேண்டும்." அடுத்த படியில் "தற்காலிகமாக 777" மட்டும் இருந்தது. அதற்கடுத்த படியில் "தற்காலிகமாக" இல்லை.

பத்தாண்டு அனுபவசாலி ஒருவர் அந்த வரியைப் பார்த்திருந்தால் முதல் நாளே சிவப்பு மையால் அடித்திருப்பார். எங்களிடம் அந்தச் சிவப்பு மை இல்லை.

ஜனவரி 18

"அப்படியானால் பொது அடைவுக்கு என்னதான் போடுவது?" என்று நான்கு பேர் கேட்டாகிவிட்டது. ஒரு குழுவை உருவாக்குங்கள், ஆட்களை அதில் சேருங்கள், அடைவின் குழுவை அதுவாக மாற்றுங்கள், 2775 போடுங்கள். முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி. அதற்குள் பிறக்கும் கோப்புகள் எல்லாம் அந்தக் குழுவுக்கே சொந்தமாகப் பிறக்கும்.

ஜனவரி 18, பிற்பகல்

அது மட்டும் போதாது என்று ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். யுமாஸ்க் (புதிதாகப் பிறக்கும் கோப்பிலிருந்து கழிக்கும் அனுமதிகள்) 022 ஆக இருந்தால் புதுக் கோப்புக்குக் குழுவினருக்கு எழுதும் அனுமதி கிடைக்காது. 002 ஆக மாற்ற வேண்டும். பதினொரு ஆண்டு அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்தியவன் எழுதியதன் லட்சணம் இது. பிடித்தவர் இரண்டாம் ஆண்டு மாணவராம்.

ஜனவரி 24

இருநூறு பேர் விஷயம்.

எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு மெய்நிகர் கணினி (மென்பொருளாலேயே ஆன கணினி) தருவார்கள், ரூட் உரிமையோடு, அதாவது எதையும் செய்யக்கூடிய நிர்வாகி உரிமையோடு. முதல் வாரத்து வீட்டுப்பாடம்: அடுத்த வாரத்துக்குள் அதை உடைத்துக்கொண்டு வா. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையால் முழு மரத்தையும் வெட்ட முயன்றேன். வேரை மட்டும் கொடுத்தால் லினக்ஸோடு வரும் இப்போதைய ஜிஎன்யூ ஆர்எம் மறுத்துவிடுகிறது. வேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தேன். ஷெல் அதை எல்லா அடைவுகளின் பெயராக விரித்துக் கொடுத்தது. ஆர்எம் வேரைப் பார்க்கவே இல்லை, பட்டியலைத்தான் பார்த்தது. வெட்டிக்கொண்டே போயிற்று. கொஞ்ச நேரத்தில் எல்எஸ் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. நட்சத்திரக் குறியை விரிப்பது ஷெல்தான், கட்டளை அல்ல என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, அன்றைக்குப் புரிந்தது.

இது விளையாட்டுக் கணினி. உடைந்தால் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதில் கற்றது கட்டளைகள் மட்டும். நிர்வாகம் கற்றது மாணவர் மன்றத்தின் உண்மையான சர்வரில், சுமார் இருநூறு பேருக்குக் கணக்கு இருந்த பழைய பெட்டியில்.

ஒரு தேர்வு வாரத்தில் அது நிரம்பிவிட்டது. எவராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் நூறு சதவீதம் என்றது. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, வெற்றியோடு அழித்தேன். டிஎஃப் அப்போதும் நூறு. கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ போட்டுப் பார்த்தால் பாதி டிஸ்க்தான் கணக்கில் வருகிறது. மீதிப் பாதி எங்கே? வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். கை நடுங்குகிறது. ரீபூட் செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். அக்கா என் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "ரீபூட் செய்தால் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று உனக்கு எப்போதும் தெரியாது."

கோப்பின் பெயரை அழிப்பது வேறு, கோப்பை அழிப்பது வேறு. ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர் போனாலும் உடல் டிஸ்க்கில் கிடக்கும். டியூ பெயர்களை வைத்துக் கூட்டுகிறது, டிஎஃப் டிஸ்க்கில் பிடிபட்டிருக்கும் கட்டைகளை (பிளாக்குகளை) வைத்து எண்ணுகிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பெயரில்லாத கோப்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தோம். வலைச்சர்வர். அதை மட்டும் மறுபடி தொடங்கியதும் இடம் திரும்பி வந்தது. அழிக்காமல் கோப்பை வெறுமையாக்கியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

வாசலில் ஆட்கள் நிற்காமல் இருந்திருந்தால் இதை இத்தனை ஆண்டு கழித்து இவ்வளவு துல்லியமாக எழுதுவேனா என்று தெரியவில்லை.

ஜனவரி 25

ஆம், ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் எண்) தீர்ந்துபோனாலும் இடமில்லை என்ற இதே பிழைச்செய்தி வரும். டிஸ்க்கில் இடம் இருக்கும், கோப்பு எண் இருக்காது. டிஎஃப் கட்டளைக்கு ஐ (-i) சேர்த்துப் பாருங்கள். குட்டிக் கோப்புகளை லட்சக்கணக்கில் கொட்டும் நிரல் ஏதாவது இருக்கும்.

பிப்ரவரி 2

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

நான் படிப்பை முடிக்கிற ஆண்டு அந்தச் சர்வரின் டிஸ்க் செத்தது. பரவாயில்லை, தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்அப் எடுக்கிறோம். எடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தோம். பேக்அப் அடைவைத் திறந்தால் கடைசிக் கோப்பு ஏழு மாதப் பழையது.

ஏழு மாதத்துக்கு முன்பு நடந்தது என்னவென்றால், நல்லெண்ணத்தோடு நான் ஒரு மேம்பாடு செய்தேன். பேக்அப் கோப்பின் பெயரில் தேதி வர வேண்டும் என்று குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் நிரலின் அட்டவணையிலேயே, தேதியைத் தரும் டேட் கட்டளையைச் சேர்த்தேன். அதில் சதவீதக் குறி வரும். முனையத்தில் (நாம் கட்டளை அடிக்கும் திரையில்) ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. ஆனால் கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்கு வேறு பொருள்: அது வரி முறிவு. அதற்குப் பின்னால் உள்ளது கட்டளையே அல்ல, கட்டளைக்கு ஊட்டப்படும் உள்ளீடு. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுத் தப்பவைக்க வேண்டும். ஆகவே என் கட்டளை பாதியில் அறுந்து, தினமும் இரவு இரண்டு மணிக்குத் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தது. இது மேன் பக்கத்தில் (கணினியிலேயே உள்ள கையேட்டில்) இருக்கிறது. ஐந்தாம் பிரிவில். நான் முதல் பிரிவைத்தான் படித்திருந்தேன்.

அதைவிடக் கொடுமை, கிரான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ரூட்டுக்கு ஓர் அஞ்சல் அனுப்பியிருந்தது. ரூட்டின் பெட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள், ஒன்றும் படிக்கப்படாமல். ரூட் என்பது யார்? நாங்கள் எல்லோரும்தான். அதனால் யாருமில்லை.

இருநூறு பேரில் பலர் தங்கள் திட்ட வேலையை இழந்தார்கள். ஒருவர் என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை. குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் வகுப்பில் பேக்அப் எடுக்கக் கற்பித்தோம். கோப்புகளை மூட்டை கட்டும் டார், நகலெடுக்கும் ஆர்சிங்க், கிரான், எல்லாம் உண்டு. எடுத்ததை மீட்டுப் பார்க்க ஒரு வாரமும் கற்பிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் எவரும் அதுவரை எதையும் மீட்க வேண்டிய நிலைக்கு வந்ததில்லை. இரண்டாண்டில் கல்லூரியைவிட்டுப் போகிறவர்களுக்கு, மூன்றாண்டுக்கு ஒரு முறை வரும் விபத்து கண்ணிலேயே படாது. மாணவர் நடத்தும் வகுப்பின் ஓட்டை இதுதான். கேள்வி கேட்டவர் சொன்ன குருட்டுத்தனம் அல்ல. கண் இருக்கிறது, பார்வையின் தூரம் இரண்டாண்டு.

பிப்ரவரி 3

"முதலிலேயே சொன்னேன் அல்லவா" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். சொன்னீர்கள். ஆனால் நீங்கள் சொன்னதும் நான் சொல்வதும் ஒன்றல்ல. கேளுங்கள்.

எட்டாண்டு அனுபவத்துக்குப் பிறகு, சம்பளம் வாங்கும் இடத்தில், தொலைவில் இருந்த ஒரு சர்வரின் ஃபயர்வாலை (பிணைய வாசலில் யாரை விடுவது என்ற விதிகளை) மாற்றினேன். எல்லாவற்றையும் தடு என்ற விதியை முதலில் ஏற்றினேன். எஸ்எஸ்எச்சின் 22ஐ அனுமதி என்ற விதியை அடுத்து ஏற்ற வேண்டும். அடுத்து என்று ஒன்று வரவில்லை. திரை உறைந்தது. நானே என்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது எட்டாண்டு அனுபவம் அல்ல. அக்காவின் மூன்றாவது வாரப் பாடம்: வாசலில் கை வைக்கும் முன், ஐந்து நிமிடத்தில் எல்லா விதிகளையும் நீக்கும் கட்டளை ஒன்றை நேரம் குறித்து வைத்துவிடு, எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது இன்னொரு இணைப்பைத் திறந்தே வைத்திரு. மூடுவதற்கு முன் மூன்றாவதாக ஒன்றில் நுழைந்து பார். அக்காவுக்கு அந்த அறிவு எப்படி வந்தது? முந்தின ஆண்டு அவரும் இப்படிப் பூட்டிக்கொண்டு, பூட்டிய கட்டடத்தின் காவலரை எழுப்பி, சர்வர் அறைக்குப் போய் நேரே விசைப்பலகையில் சரிசெய்தார். அடி பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை, ஆகவே அதைப் பாடத்தின் நடுவில் வைத்தார். நான் இன்று பாடத்திட்டம் எழுதினால் அது கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. வரிகள் நிற்கட்டும், தொனியை மட்டும் குறைத்துப் படிக்கவும்.

பிப்ரவரி 10

நிரல்களை நிறுத்தும் கில் கட்டளைக்கு 9 போடக் கற்பித்ததையும் என் பாவக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார் ஒருவர். சேர்க்கிறேன். முதலில் 15, அது வேண்டுகோள்: மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு. 9 வேண்டுகோள் அல்ல; நிரலிடம் கேட்பதே இல்லை, கெர்னலே முடித்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியாகவே கிடக்கும். டிஸ்க்குக்காகக் காத்துக் கெர்னலுக்குள் தூங்கும் நிரலை 9ஆலும் உடனே கொல்ல முடியாது.

பழையவர் போய்ப் புதியவர் பொறுப்பேற்கும் கைமாற்றம் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அதுவும் நடந்தது. ரூட் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் கூப்பிட்டால் மறந்துவிட்டேன் என்றார். கணினி முன் நேரில் போய் உட்கார்ந்து, கிரப் என்ற தொடக்கத் திரையில் கெர்னல் வரியின் கடைசியில் ஷெல்லையே முதல் நிரலாகக் கொடுத்துத் தொடங்கி, வேர் அடைவை எழுதும் நிலைக்கு மாற்றி, புதிய கடவுச்சொல் வைத்தோம். பத்து நிமிட வேலை. பாதுகாப்பு பற்றி அதுவரை பெரிதாகப் பேசிக்கொண்டிருந்த எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் சர்வர் அறைப் பூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

பிப்ரவரி 15

ஒரு யோசனை தோன்றியது, சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. அதன் பக்கங்களிலேயே பிழைகள் என்று ஒரு தலைப்பு உண்டு. கட்டளையை எழுதியவரே, இது இங்கே சொதப்பும் என்று எழுதிவைக்கும் இடம். வேறு எந்தப் பொருளின் கையேட்டிலும் இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

மாணவர் நடத்தும் வகுப்பின் ஒவ்வொரு குறிப்பிலும் கடைசியில் அப்படி ஒரு பகுதி இருக்கட்டும். இதில் எதை நான் செய்து பார்த்தேன், எதைக் கேட்டு எழுதினேன், எது தற்காலிகம். 777க்குப் பக்கத்தில் "காரணம் தெரியாது, முன்னவர் ஏட்டிலிருந்து" என்று நான் எழுதியிருந்தால் போதும். கிரான் வரிக்குப் பக்கத்தில் "முனையத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தால், யாராவது ஒருவர் ஏழு மாதத்துக்குள் முகம் சுளித்திருப்பார்.

கூடவே, ஆண்டுக்கு ஒரு மாலை, பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். வகுப்பெடுக்க வேண்டாம். குறிப்பேட்டைப் படித்துச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகட்டும். நான் தயார்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அந்த மாலை வகுப்பில் சேர்ந்தே விட்டாராம், மூன்று வாரம் ஆகிறதாம், இங்கே சொல்லவில்லையாம். குறிப்பேட்டை அனுப்பினால் சிவப்பு மை தருவீர்களா என்று கேட்கிறார். அனுப்புங்கள்.

பிப்ரவரி 22

வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு ஊட்டுவது) பற்றிய பகுதி நான் எழுதக்கூடியதைவிடத் தெளிவு. பதினெட்டாம் பக்கத்தில் 777. சிரித்துவிட்டேன். எங்கள் கல்லூரி அல்ல, எங்கள் ஏடும் அல்ல.

முப்பத்தோராம் பக்கத்தில் பேக்அப். மீட்பது பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதி அனுப்பினேன்: அடுத்த வகுப்புக்குப் புதுப்பாடம் எதுவும் வேண்டாம், வெறும் மெய்நிகர் கணினி ஒன்றில் போன வாரத்துப் பேக்அப்பை விரித்துப் பாருங்கள்.

மார்ச் 1

விரித்தார்களாம். கோப்புகள் வந்தன, உரிமையாளர் பெயர்கள் வரவில்லை: சாதாரணப் பயனராக விரித்ததால் எல்லாம் விரித்தவர் பெயரிலேயே விழுந்தன. ரூட்டாக மறுபடி விரித்தபோது பெயர்கள் சரியாக வந்தன, இரண்டு பேரைத் தவிர. அந்த இருவரின் பெயர் புதுக் கணினியில் இல்லை, அவர்களின் பயனர் எண்களை அங்கே வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். டார் எண்ணோடு பெயரையும் எழுதிவைக்கும், பெயர் அங்கே இல்லாவிட்டால்தான் எண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனதாம். குறிப்பேட்டில் பிழைகள் பகுதியில் சேர்த்துவிட்டார்கள்.

ரூட்டின் அஞ்சலைப் படிக்க வாரத்துக்கு ஓர் ஆள் என்று முறை வைத்திருக்கிறார்களாம். இந்த வாரம் கேள்வி கேட்டவர் முறை. மூன்று கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று, டிஸ்க் எண்பது சதவீதம் என்கிறது. மற்ற இரண்டும் புரியவில்லை, நீங்கள் பாருங்கள் என்று எனக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கும் ஒன்று புரியவில்லை.